முப்பத்து மூன்றரை டிகிரி

பிறந்த பிள்ளையைக் குளிரவைத்திருக்கிறார்கள் என்றதும் ரொட்டிக்கடைக்காரருக்குக் கை கால் ஓடவில்லை. வெதுவெதுப்பில் வைத்தால்தான் மாவே உப்பும் என்று இருபது வருடமாக அடுப்பின் முன்னால் நின்றவர் அவர்.

பிரசவத்தில் மூளைக்கு ஆக்ஸிஜன் போகவில்லை. பிள்ளை அழவில்லை. இரண்டு தடவை வலிப்பு வேறு.

"பட்ட அடி பட்டதுதான். அது மேல பரவாம இருக்க மூணு நாள் உடம்பைக் குளிர்ச்சியா வைப்போம். முப்பத்து மூன்றரை டிகிரி," என்றார் டாக்டரம்மா. "அப்புறம் எப்படி முழிக்கிறான்னு பார்ப்போம்."

முதல் நாள் தொட அனுமதித்தபோது, பழக்கதோஷம், உள்ளங்கைகளைப் பரபரவெனத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு நீட்டினார். நர்ஸ் குறுக்கே கை வைத்தார்.

"அண்ணே, சூடேத்துற வேலையைக் கடையிலயே வெச்சிட்டு வாங்க."

அதன்பின் ஒவ்வொரு தடவையும் கை கழுவியதோடு விடாமல், விரல் மரத்துப்போகும்வரை குழாய்த் தண்ணீரில் பிடித்திருந்துவிட்டே மகனைத் தொட்டார். விளையாட்டுக்குச் சொன்னேன் என்று நர்ஸ் எவ்வளவோ சொல்லியும் கேட்கவில்லை.

மெத்தைக்குள் குளிர்ந்த நீர் ஓடியது. பிள்ளையின் இதயம் நிதானமாக அடித்தது. தலையில் ஒட்டிய கம்பிகளின் வழியே மூளையின் அசைவு திரையில் கோடாக வந்தது. முதல் நாள் அது ஏறக்குறைய தரையோடு கிடந்தது. மூன்றாம் நாள் காலையில் அங்கங்கே எழும்பியது. இத்தனூண்டு தலைக்குள்ளிருந்து ஒருவன் எழுதுகிறான் என்று அவருக்குத் தோன்றியது.

நான்காம் நாள் பகல் பதினொன்றுக்குச் சூடேற்றத் தொடங்கினார்கள். மணிக்கு அரை டிகிரி.

"கொஞ்சம் கூட்டி வெச்சா சீக்கிரம் முடியாதாம்மா?" என்றார்.

"நீங்க அப்படித்தான் ரொட்டி சுடுவீங்களா? அவசரப்பட்டா வலிப்பு திரும்பும்ணே," என்றார் நர்ஸ்.

அவர் கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்தார்.

மாலை ஐந்துக்கு முப்பத்தாறரை. வலிப்பு வரவில்லை. அறுவைசிகிச்சை செய்த உடம்போடு மனைவி சக்கர நாற்காலியில் வந்து சேர்ந்தாள். கணவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஏங்க, இந்தத் தாடியோடயா நிக்கிறீங்க? பிள்ளை மிரண்டுடப் போறான்."

"முதல்ல கண்ணைத் தொறக்கட்டும்டி. மிரண்டாலும் பரவாயில்ல."

பஞ்சுக்குச்சியில் தாய்ப்பாலைத் தொட்டு நர்ஸ் பிள்ளையின் நாக்கில் தடவினார். ஒன்றும் நடக்கவில்லை. திரும்பத் தடவினார். உதடு லேசாகக் கோணியது, அவ்வளவுதான். டாக்டரம்மா தாயின் சுண்டுவிரலை வாயருகே கொண்டுபோகச் சொன்னார்.

மனைவியின் முகம் மெல்ல மாறுவதை ரொட்டிக்கடைக்காரர் பார்த்தார்.

"இழுக்குறான்," என்றாள் அவள், சத்தமே வராமல். "விரலை உள்ள இழுக்குறான்."

"ஸ்கேன் பாக்கணும், வளர வளரவும் கவனிக்கணும். நான் இப்ப எந்த வாக்கும் குடுக்க முடியாது," என்றார் டாக்டரம்மா. சொல்லிவிட்டு அவரும் நகரவில்லை. நான்கு பேரும் குனிந்து, அந்தச் சின்னத் தாடை ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.