ஈர எடை

கழிப்பறையில் உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தொடை ஒத்துழைக்கவில்லை. வலி என்று சொல்ல முடியாது. இடுப்பிலிருந்து முழங்கால் வரை அடித்துப் போட்ட மாதிரி ஓர் அசதி. கதவின் கைப்பிடியைப் பிடித்துத் தொங்கித்தான் அண்ணி எழுந்தாள். பெருங்குடல் புற்றுநோய். கட்டியை வெட்டி எடுத்தாகிவிட்டது. இப்போது மருந்து ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

விடுதிப் போர்வைகளை வெளுக்கும் அந்தச் சலவைக்கூடத்தில் எல்லோருக்கும் அவள் அண்ணிதான். அங்கேயே வேலை பார்த்த நாத்தனார் அப்படிக் கூப்பிட, மற்றவர்களுக்கும் ஒட்டிக்கொண்டது. ஈர மூட்டையை ஒற்றை ஆளாகத் தோளில் ஏற்றியவள் இப்போது ஜன்னலோரம் உட்கார்ந்து தலையணை உறை தைத்தாள். அதையும் யாராவது வந்து பிடுங்கிக்கொண்டு போனார்கள். வீட்டில் புருஷன் தண்ணீர்ச் செம்பைக்கூடத் தொடவிடுவதில்லை. வேளாவேளைக்குக் கஞ்சி, மற்ற நேரமெல்லாம் படுக்கை.

ஒருநாள் நாத்தனார் அவளைத் துணி நிறுக்கும் தராசில் ஏற்றிப் பார்த்தாள். முள் போன மாத எடையைத் தாண்டி நின்றது.

"கூடிருச்சு! அண்ணி உடம்பு தேறிருச்சு!" என்று கூடமே கேட்கக் கத்தினாள். அன்று எல்லோருக்கும் டீ.

அந்தச் சந்தோஷத்தோடுதான் இருவரும் மருத்துவமனைக்குப் போனார்கள். உடற்பயிற்சி சொல்லித்தரும் பெண் அண்ணியை நாற்காலியில் உட்காரவைத்தாள். கைகளை மார்பில் கட்டிக்கொண்டு எழுந்திருக்கச் சொன்னாள். அண்ணி முன்னால் சாய்ந்தாள், மூச்சைப் பிடித்தாள். பின்பக்கம் நாற்காலியை விட்டு எழவே இல்லை.

"எடை கூடிருக்கும்மா, நானே நிறுத்தேன்" என்றாள் நாத்தனார்.

அந்தப் பெண் அண்ணியின் முழங்காலுக்குக் கீழே கட்டைவிரலால் அழுத்திவிட்டு எடுத்தாள். குழி அப்படியே நின்றது.

"இது சதை இல்ல, நீர். வீக்கத்தை டாக்டர் பாப்பாரு. ஆனா உள்ள தசை கரைஞ்சிருக்கு."

நாத்தனார் குழியையே பார்த்தாள். பிறகு நெற்றியில் அடித்துக்கொண்டாள். "அடச்சீ! ஈரத்துணிய நிறுத்துட்டுத் துணி கூடிருச்சுன்னு குதிச்சிருக்கேன். பொழப்பே இதுதான், எனக்கே தெரியலையே!"

அண்ணி தையல் போட்ட வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "இவளுக்கு டீ வாங்கிக் குடுத்த காசத் திருப்பிக் கேளுங்கம்மா."

சிரிப்பு அடங்கியதும் அந்தப் பெண் நேராகவே சொன்னாள். "இந்த நோயில உடம்புக்குள்ள அழற்சி இருந்துகிட்டே இருக்கும், அணையாத கங்கு மாதிரி. அது தசையத் தின்னும். கஞ்சியக் குடிச்சிட்டுப் படுத்தே இருந்தா இன்னும் வேகமாத் தின்னும். முட்டை, பருப்பு, மீன் சாப்பிடணும். காலுக்கும் கைக்கும் வேலை குடுக்கணும். இப்படியே இளைச்சா மருந்தத் தாங்க மாட்டீங்க. டாக்டர் அளவக் குறைக்க வேண்டிவரும், இல்லன்னா நிறுத்தணும்."

"நிறுத்தினா?" என்றாள் அண்ணி.

"நிறுத்தாம இருக்கத்தான் சொல்றேன்."

மறுநாளிலிருந்து நாத்தனார் ஆள் மாறிவிட்டாள். முதலில் காய்ந்த துண்டு ஒன்று, பிறகு இரண்டு, பிறகு நனைத்துப் பிழிந்தது. ஒவ்வொன்றையும் தூக்கிக்கொண்டு அண்ணி ஸ்டூலில் உட்கார்ந்து உட்கார்ந்து எழ வேண்டும்.

"எழுந்திருங்க மகாராணி!"

"மாமியார் இல்லாத வீடுன்னு நம்பித்தான்டி உங்க அண்ணனக் கட்டினேன்."

"அந்தக் கொறைய நான் தீத்து வைக்கறேன். எந்திரிங்க."

சாப்பாடுதான் பெரும்பாடு. மருந்து ஏறிய வாரம் வாயெல்லாம் இரும்பு ருசி. புருஷன் முட்டையைக் கல்லாகும்வரை வேகவைத்தான். "இத மென்னா தாடைக்கும் பயிற்சிதான்" என்று திட்டிக்கொண்டே தின்றாள். சில நாள் தின்றதை வாந்தி எடுத்தாள். எடுத்துவிட்டு, சற்றுப் பொறுத்து, இன்னொன்று கேட்டாள். கால் வீக்கம் வடிந்தது. தராசில் எடை இறங்கியது. போனது நீர்தான் என்று தெரிந்ததால் யாரும் கலங்கவில்லை.

மறுபரிசோதனை வந்த அன்று கூடத்தில் துணி மலையாகக் குவிந்திருந்தது. இருவருக்கும் விடுப்புக் கிடைக்காது என்றாகிவிட்டது. துவைக்கும் மெஷினை ஓட்டுகிற சிடுமூஞ்சி மனிதர்தான் வாய் திறந்தார்.

"ரெண்டு பேரும் போய்ட்டு வாங்க. உங்க வேலைய நான் பாக்கறேன். ஆனா சும்மா இல்ல. ஒரு ஞாயித்துக்கிழமை எனக்குப் பதிலா மெஷின்ல நிக்கணும்."

மருத்துவமனையில் நாற்காலி அதேதான். அண்ணி கைகளைக் கட்டினாள். தொடை நடுங்கியது. எழுந்தாள். உட்கார்ந்தாள், மறுபடி எழுந்தாள். நாலாவது தடவை பாதியில் நின்றுபோனபோது, "தூக்குங்க அண்ணி! மூட்டை நழுவுது!" என்று நாத்தனார் போட்ட கூச்சலில் பக்கத்து அறையிலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்தார். அண்ணி எழுந்தாள். ஐந்தாவதும் எழுந்தாள். உதட்டில் வியர்வை உப்புக் கரித்தது.

டாக்டர் வந்து பார்த்தார். "தசையில பலம் கொஞ்சம்தான் ஏறியிருக்கு. இது போதும். மருந்து முழு அளவே போடலாம்."

நடைபாதையில் நாத்தனார் அவளைக் கட்டிக்கொண்டு சுற்றினாள். இருவரும் சுவரில் மோதினார்கள். தரை துடைத்துக்கொண்டிருந்தவர் மாப்பை ஊன்றிக்கொண்டு, "ஈரம் காயட்டும்மா, அப்புறம் ஆடுங்க" என்றார்.

பேருந்துக்கு நிற்கும்போது நாத்தனார் சொன்னாள்: "அந்த ஞாயித்துக்கிழமைய நான் பாத்துக்கறேன். நீங்க படுங்க."

"கடன் வாங்கினது என் காலுக்காக. நீ எதுக்குடி அடைக்கற? பாதி நாளாவது நான் நிப்பேன்."

"மருந்து முடியட்டும் முதல்ல."

"முடியட்டும். நான் எங்கயும் ஓடிப் போகலையே."

மெஷின்காரருக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை பாக்கி.