எட்டிப் பார்க்க வந்த இன்ஜினியர்

கழிவுநீர் லாரி ஓட்டுகிறவனுக்குத் தான் செய்தது நல்லதா கெட்டதா என்று பிடிபடவே இல்லை.

அவன் தங்கச்சி குடியிருந்தது ஊரின் கடைசித் தெரு. பாதாளச் சாக்கடை முந்தின தெருவோடு நின்றுவிட்டது. இங்கே வீட்டுக்கு வீடு பின்பக்கம் ஒரு செப்டிக் டேங்க்தான். மழை பிடித்தால் அது உள்ளே இருப்பதையெல்லாம் வீட்டுக்குள்ளேயே திருப்பி அனுப்பும். போன மழையில் தங்கச்சி கட்டிலைச் செங்கல் மேல் ஏற்றிவிட்டு, பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு அண்ணன் வாசலில் வந்து நின்றாள். இன்னொரு மழை இப்படி வந்தால் வீட்டைப் போட்டுவிட்டுப் போய்விடலாம் என்று அவள் புருஷன் சொல்லிவிட்டான்.

அவள் விடவில்லை. ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கினாள். "குழாய் போட்ட தெருவுக்குக் கவர்மெண்ட் செலவு பண்ணுது. நாங்க மட்டும் எங்க கைக்காசுல பார்த்துக்கணுமா? எல்லாம் ஒரே மண்ணுக்குள்ளதானே சார் போகுது?" என்று கேட்டுக் கேட்டே அவர்கள் காதைத் துளைத்தாள். கடைசியில் ஒரு இன்ஜினியரை அனுப்ப ஒத்துக்கொண்டார்கள். டேங்க் கெட்டது உண்மை என்று அவர் எழுதினால், அரசாங்கமே புதிது கட்டித் தரும்.

அங்கேதான் தெரு கோட்டைவிட்டது. பெரிய மனுஷர் வருகிறார், நாறிக்கொண்டா நிற்பது? கூடிப் பேசி லாரிக்காரனைக் கூப்பிட்டார்கள். தங்கச்சி காரியம் என்று அவனும் முதல் நாளே ஒரு டேங்க் விடாமல் உறிஞ்சி எடுத்தான். பெண்கள் மேலே பினாயிலைக் கொட்டினார்கள்.

இன்ஜினியர் கைக்குட்டையைத் தயாராகப் பிடித்துக்கொண்டுதான் ஜீப்பை விட்டு இறங்கினார். மூடியைத் திறந்து எட்டிப் பார்த்தார். கழுவிக் கவிழ்த்த அண்டா மாதிரி இருந்தது. கைக்குட்டை பைக்குள் போய்விட்டது.

"நல்லாத்தானேம்மா இருக்கு?"

"சார், நேத்து நான்தான் அள்ளினேன்" என்றான் லாரிக்காரன்.

"அள்ளினா சரியாயிடுதில்ல? அப்ப அள்ளிக்கிட்டே இருங்க."

தங்கச்சி அவன் முழங்கையைக் கிள்ளினாள். "வாயத் தொறந்து சொல்லேண்ணே!"

"என்னத்தச் சொல்ல? அவர் சொல்றதும் சரிங்கற மாதிரிதானே இருக்கு?"

"சொல்வாரா உங்கண்ணன்?" என்றாள் பக்கத்து வீட்டு மாமியார். "புது டேங்க் வந்தா அவர் பொழப்பு என்னாகறது?"

அதுவரை அவன் அதை நினைக்கவே இல்லை. இப்போது அதுவும் தலைக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டது.

அடுத்த தெருவையும் பார்த்துவிட்டு இதே வழியாக வருவதாகச் சொல்லிவிட்டு இன்ஜினியர் நடந்தார். அவர் முதுகு திரும்பியதுதான் தாமதம், தங்கச்சி சேலையை இழுத்துச் செருகினாள்.

"ஊத்துங்கடி! நிரம்பி வழியறத அந்த மனுஷன் கண்ணால பார்க்கட்டும்!"

வீட்டுக் குழாய்களில் நூல் மாதிரி வந்த தண்ணீரும் நின்றுபோனது. தெருமுனை அடிபம்பிலிருந்து வாளி கை மாறி வந்தது. லாரிக்காரனும் சுமந்தான். இடுப்பு ஒடிய ஊற்றிவிட்டு எட்டிப் பார்த்தால், டேங்கில் ஈரம் மட்டும்தான் இருந்தது.

"அண்ணே, நிக்க மாட்டேங்குதே?"

"நிக்கும். நிக்காம எங்க போகும்?" என்றவன் அப்படியே நின்றான். இந்தத் தெருவில் அடிக்கடி கூப்பிட மாட்டார்கள், நல்ல டேங்க் என்றுதான் இத்தனை நாளும் ஊரெல்லாம் சொல்லி வந்தான். எங்கே போகும்?

இன்ஜினியர் திரும்பி வந்தபோது தெருவே சொட்டச் சொட்ட நனைந்து நின்றது. "என்ன நடக்குது இங்க?"

வழிவதைக் காட்டத்தான் நினைத்தார்கள். காட்ட ஒன்றும் இல்லை. மூச்சு வாங்க நின்ற தங்கச்சி வாளியை அவர் கையில் கொடுத்தாள். "நீங்களே ஊத்துங்க சார்."

என்ன தோன்றியதோ, அவரும் ஊற்றினார். கொஞ்ச நேரம் நின்ற தண்ணீர் மெல்ல இறங்கி மறைந்தது. இன்னொரு வாளி கேட்டு வாங்கி, மண்டியிட்டு ஊற்றினார்.

"மழையில நிலத்தடித் தண்ணி ஏறி வர்றது இதுவழியாத்தான். அடியில தளமே இல்லையா?"

"தெரியல சார்."

"நீங்கதானே வந்து அள்ளறீங்க?"

"மேல இருந்துதானே சார் அள்ளறேன்."

"சரி, இந்தத் தண்ணி எங்க புடிச்சீங்க?"

எல்லோரும் அடிபம்பைப் பார்த்தார்கள். அடித்துக் களைத்த மாமியார் அங்கே ஒரு கையால் அடித்து, மறு கையில் ஏந்திக் குடித்துக்கொண்டிருந்தாள்.

"ஐயோ அத்தை, குடிக்காதீங்க!" தங்கச்சி ஓடினாள்.

"ஏண்டி, நேத்து வரைக்கும் குடிச்சதுதானே?"

தங்கச்சி அவள் கையைத் தட்டிவிட்டாள். லாரிக்காரன் தயங்கித் தயங்கிக் கேட்டான். "அப்ப டேங்க் கெட்டுப்போச்சுன்னு எழுதுவீங்களா சார்?"

இன்ஜினியர் முழங்கால் மண்ணைத் தட்டியபடி யோசித்தார். "கெட்ட டேங்குக்குத்தான் திட்டம் இருக்கு. இது டேங்கே இல்லையே, வெறும் குழி. குழிக்குப் பணம் உண்டான்னு மேல கேட்டுத்தான் சொல்லணும்."

"கேட்கலாம் சார். நானும் வர்றேன்." தங்கச்சி பிள்ளையை அண்ணன் தோளில் போட்டுவிட்டு, ஈரச் சேலையோடு ஜீப்பில் ஏறி உட்கார்ந்தாள். இறங்கச் சொல்வதா வேண்டாமா என்று தெரியாமல் இன்ஜினியர் வண்டியை எடுத்தார்.

"ஏம்ப்பா, நமக்குக் கிடைச்சுதா, கிடைக்கலையா?" மாமியார் கேட்டாள்.

"தெரியலம்மா."

"அதுவரைக்கும் தாகத்துக்கு என்ன பண்றது?"

பிள்ளையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டு, அவன் ஜீப் போன திசையையே பார்த்துக்கொண்டு நின்றான்.