அக்காவோடை கோவம்

ஆறு அமர்வுகளில் நாலு, கோபத்தைத் தணிப்பதிலேயே போய்விட்டது. செல்வமலருக்குக் கோபம் ஏதும் இருக்கவில்லை என்பதுதான் அதில் விசேஷம்.

லண்டன் லூயிஷாமில் ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் பதின்மூன்று வருஷமாக வேலை செய்கிறவள் அவள். வயது ஐம்பத்திரண்டு. மாசி மாதம் யாழ்ப்பாணத்தில் அக்கா கமலாம்பிகை இறந்ததிலிருந்து நித்திரை கொண்டாலும் களைப்பு, கொள்ளாவிட்டாலும் களைப்பு. டொக்டர் குளிசை எழுதினார். அதோடு, கிழமைக்கு ஒரு மணித்தியாலம் வீதம் ஆறு கிழமைக்குக் கவுன்சிலிங்கும் எழுதினார்.

"கவுன்சிலரிட்டைப் போறன்," என்று அவள் சொன்னதும் கணவர் கிருஷ்ணராசாவுக்குப் பெரிய சந்தோஷம்.

"நல்லது. அப்பிடியே பாத்ரூம் சுவரிலை ஈரம் ஊறுறதையும் சொல்லு."

வீடு வாசல் பார்க்கிற நகரசபைக் கவுன்சிலர் வேறு, மனசுக்கான கவுன்சிலர் வேறு என்று விளக்க அவளுக்குத் தெம்பில்லை. நாலு கிழமையும் ஈரத்துக்கு என்ன பதில் என்று அவர் கேட்டார். நாலு கிழமையும் "பாக்கினமாம்" என்று அவள் சொன்னாள்.

கவுன்சிலர் நல்ல மனுஷர். வெள்ளைக்காரர், மெல்லிய குரல். மேசையில் கண் துடைக்க ரிஷ்யூப் பெட்டி, அதற்குப் பக்கத்தில் சத்தமாகக் கேட்கும்படி வைத்த போன். போனுக்குள் தமிழ்நாட்டு மொழிபெயர்ப்பாளர் ஒருவர். "ஆமா, சொல்லுங்க மேடம், நல்லா கேக்குது," என்பார்.

முதல் நாள் செல்வமலர் சொன்னது ஒரே வசனம். "அக்காவும் நானும் ஏழு வருஷமாக் கோவம்."

போன் அதை ஆங்கிலமாக்கியது: இவருக்கு ஏழு வருஷமாக அக்காமேல் கோபம்.

கவுன்சிலரின் முகம் தெளிந்தது. கோபத்துக்கு அவரிடம் கைவசம் நிறைய இருந்தது. பத்துவரை எண்ணச் சொன்னார். தலையணையைக் குத்தச் சொன்னார். மூன்றாம் கிழமை, உங்கள் கோபத்துக்கு ஒரு நிறம் சொல்லுங்கள் என்றார். அவர் ஆசையாகக் கேட்டதால் அவள் பாவம் பார்த்து நீலம் என்றாள். அவர் அதை எழுதிக்கொண்டார்.

யாழ்ப்பாணத்தாருக்குக் கோவம் என்பது உணர்ச்சி அல்ல, ஏற்பாடு. இரண்டு பேர் கதைக்காமல் இருப்பதற்குப் பெயர் அது. அதற்கென்று சட்டதிட்டங்கள் உண்டு. மற்றவரின் சுகத்தை மூன்றாம் ஆளிடம் விசாரிக்கலாம். பேர் சொல்லாமல் பால்மாவும் முழங்காலுக்குப் பூசுகிற களிம்பும் அனுப்பலாம். வாங்குகிறவர் யார் அனுப்பியது என்று கேட்கக் கூடாது. செல்வமலர் ஏழு வருஷமும் அனுப்பினாள். அக்கா ஏழு வருஷமும் கேட்கவில்லை. கதைத்துக்கொண்டு இருக்கிற சகோதரங்களில் எத்தனை பேர் இவ்வளவு ஒழுங்காக இருக்கிறார்கள்?

கோவத்துக்குக் காரணம், அக்கா மகளின் கலியாண அழைப்பு வாட்ஸப்பில் வந்தது. நாலாம் கிழமை அதைச் சொன்னபோது கவுன்சிலர் சிரித்தார். "ஆனாலும், அழைத்திருக்கிறாரே!"

செல்வமலரும் சேர்ந்து சிரித்து வைத்தாள். அன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று கொண்டுபோனது அப்படியே திரும்பி வந்தது. அக்கா சாவதற்கு ஒன்பது நாளுக்கு முன் ஒருதரம் இவளுக்குப் போன் எடுத்தாள். போன் செல்வமலரின் கையில்தான் இருந்தது. அவள் பதில் கொடுக்கவில்லை. இதை அவள் ஒரு சீவனிடமும் சொன்னதில்லை. சொல்லாமல் இந்தக் களைப்பு போகாது என்பது மட்டும் தெரிந்தது. மிச்சம் இருந்தது இரண்டு அமர்வு.

அடுத்த நாள் சமையலறையில் மார்சியா கேட்டாள். அவள் ஜமேக்காவில் பிறந்து ஒன்பது வயதில் லண்டனுக்கு வந்தவள். கதைப்பது ஆங்கிலம்தான், ஆனால் பதின்மூன்று வருஷம் பக்கத்தில் நின்று கிழங்கு சீவியதில், அவள் சொல்வதெல்லாம் செல்வமலருக்குள் தமிழாகவே இறங்கும்.

"என்னடியப்பா, நேற்றும் தலையணைக்குக் குத்து விழுந்ததோ?"

"விழுந்தது. தலையணைக்கு ஒண்டுமில்லை. எனக்குத்தான் கை நோகுது."

மார்சியா சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்தினாள். "எனக்கும் கவுன்சிலிங்குக்கு முதல் கிடைச்சது ஒரு நல்ல வெள்ளைக்கார மனுசிதான். அம்மா என்னைப் பெரியம்மாவிட்டை விட்டிட்டு லண்டனுக்கு வந்தவ எண்டன். 'கைவிடப்பட்ட பிள்ளை' எண்டு எழுதினா. பிறகு எட்டுக் கிழமை நான் என்ரை அம்மாவுக்கு வக்கீல் வேலை பாத்தன். நான் என்னத்துக்குப் போனனான் எண்டதே மறந்து போச்சு."

"பிறகு?"

"கறுப்பு ஆள்தான் வேணும் எண்டன். முதல் வந்தவர் பைபிள் வசனம் சொன்னார். அது எனக்கு வீட்டிலையே கிடைக்குது. அதாலை தோல் மட்டும் காணாது, பாத்துக்கொள். பிறகு அஞ்சு மாதம் காத்திருந்து இன்னொருத்தி. தாய் தகப்பன் ட்ரினிடாட். அவளுக்கும் அதே கதையைச் சொன்னன். அவள் ஒண்டுதான் கேட்டாள்: 'பீப்பாவிலை என்ன வந்தது?'"

லண்டனுக்கு வந்த தாய்மார் அங்கே விட்டுவந்த பிள்ளைகளுக்குப் பெரிய பீப்பாவில் சாமான் நிரப்பிக் கப்பலில் அனுப்புவார்கள் என்று மார்சியா விளங்கப்படுத்தினாள்.

"என்ன வந்தது?" என்று செல்வமலரும் கேட்டாள்.

"சிவப்புச் சப்பாத்து. ரெண்டு சைஸ் சின்னன். நான் வளந்தது அம்மாவுக்குத் தெரியாதெல்லே." மார்சியா கிழங்கைத் திருப்பிப் பார்த்தாள். "அண்டைக்கு ஒரு மணித்தியாலம் அழுதன். அதுக்கு முன்னம் அழ எங்கை நேரம்? விளக்கம் சொல்லவே சரியாப் போச்சு. நீயும் உங்கட ஆள் ஒராளைக் கேளன்."

"எங்கட ஆளோ? வெள்ளிக்கிழமை கோயிலிலை என்ரை கதையைப் பிரசாதத்தோடை சேத்துக் குடுப்பினம்."

"வாய் திறந்தால் கவுன்சிலருக்கு வேலை போயிடும். உன்ரை மச்சாள்மாருக்கு அந்தப் பயமும் இல்லையே."

அது நியாயமாகப் பட்டது. செல்வமலர் தமிழ் ஆள் வேண்டும் என்று கேட்டாள். மிச்ச இரண்டு அமர்வுக்கு ஏழு கிழமை காத்திருக்க வைத்தார்கள். அந்த ஏழு கிழமையும் ஈரம் தன்பாட்டில் ஊறியது.

புதிய கவுன்சிலர் கோசிகாவுக்கு முப்பது வயது இருக்கும். போனுக்குள் இருந்தவரின் தமிழோடு வைத்துப் பார்த்தால் இவளுடையது நொண்டி.

"வாங்கோ அன்ரி. என்ட தமிழ் கொஞ்சம் மோசம். பிழையாக் கதைச்சா சிரிக்காதேங்கோ."

செல்வமலர் உட்காருமுன்னமே விசாரணையைத் தொடங்கினாள். "நீங்கள் எவடம், பிள்ளை?"

"குட்மேய்ஸ்."

அந்தப் பதிலில் ஊர் இல்லை, தகப்பன் பேர் இல்லை, சொந்தக்காரர் இல்லை. ஒரு லண்டன் ரயில் நிலையம் மட்டும் இருந்தது. மேலே தோண்ட வழியில்லாததில் அவளுக்கு ஏமாற்றமும் நிம்மதியும் சரிபாதியாக வந்தன.

"அக்காவும் நானும் ஏழு வருஷமாக் கோவம்," என்றாள்.

எழுதப் போன கோசிகா பேனையைக் கீழே வைத்தாள். "என்னத்திலை அன்ரி கோவம் வந்தது?"

"மகளின்ரை கலியாணத்துக்கு வாட்ஸப்பிலை சொன்னவ."

"வாட்ஸப்பிலையோ!"

படிப்பில் சொல்லிக்கொடுத்த குரல் அல்ல அது. கோசிகா சட்டென்று தன்னைச் சரிசெய்துகொண்டாள். இருந்தாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை. "தனியவோ, குரூப்பிலையோ?"

"குரூப்பிலை."

"ஐயோ அன்ரி."

செல்வமலர் கதிரையில் சாய்ந்தாள். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு முதுகு ஒன்றில் முழுதாகப் பட்டது. விளங்கப்படுத்த ஒன்றும் இல்லை. ஆனால் அதில் ஒரு சிக்கலும் இருந்தது. விளக்கம் சொல்லி நேரத்தைக் கடத்தவும் இனி வழியில்லை. கொண்டுவந்ததில் மிச்சம் இருந்தது அது ஒன்றுதான்.

"அக்கா ஒருக்கா போன் எடுத்தவ," என்றாள். குரல் தானாகவே இறங்கியது. "மோசம்போக ஒன்பது நாளுக்கு முன்னம். கையிலைதான் போன். அவவின்ரை பேர் தெரியுது. அடிக்குது, அடிக்குது. நான் எடுக்கேல்லை."

உங்களில் பிழை இல்லை என்று கோசிகா சொல்லவில்லை. ஏன் எடுக்கவில்லை என்றும் கேட்கவில்லை. ஒருதரம் அடித்தால் கை தவறிப் பட்டிருக்கலாம். இரண்டாம் தரமும் அடித்தால்தான் கோவம் முறிக்க வந்த அழைப்பு. குட்மேய்ஸில் வளர்ந்தவளுக்கும் அது தெரிந்திருந்தது.

"ரெண்டாந்தரம் எடுப்பா எண்டு பாத்துக்கொண்டு இருந்தனீங்கள், என்ன அன்ரி?"

செல்வமலர் தலையாட்டினாள்.

"ஒன்பது நாளும்," என்றாள். "குளிக்கப் போகேக்கையும் போனைக் கொண்டுபோனனான், பிள்ளை."