பத்து மணிக்கு மேல் மெஷின் ஓட்டாதே

அவருக்கு வேலையே ஊர் சுற்றுவதுதான். தண்ணீர் பம்ப் விற்கும் கம்பெனியில் விற்பனைப் பிரதிநிதி. திங்கட்கிழமை விடிந்ததும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினால் சனிக்கிழமை இருட்டிய பிறகுதான் வீடு திரும்புவார். கூட வேலை பார்ப்பவர்கள் அவருக்கு ஊர்சுற்றி என்றே பெயர் வைத்திருந்தார்கள்.

வீட்டில் இரண்டே அறைகள். வாரம் முழுக்க அவை அவருடைய மனைவிக்கும் மகளுக்கும்தான். முன்னறையில் ஜன்னலோரம் தையல் மெஷின். பள்ளிச் சீருடை, திரைச்சீலை, பேன்ட்டுக்கு ஜிப் மாற்றுவது என்று எது வந்தாலும் மனைவி தைப்பாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் மெஷின் மேல் துணியைப் போர்த்திவிட்டு அவருக்குப் பிடித்ததைச் சமைப்பாள். கல்யாணமான நாளிலிருந்து பெரிதாகச் சண்டை என்று ஒன்று வந்ததில்லை. சண்டை போட நேரம் கிடைக்காததுதான் காரணம் என்பது ஊரையே முடக்கிய தொற்றுநோய் வந்த பிறகுதான் அவளுக்குப் புரிந்தது.

பஸ் நின்றது, ரயில் நின்றது, கடைகள் மூடின. அவரும் பெட்டியை அலமாரி மேல் ஏற்றிவிட்டு வீட்டில் உட்கார்ந்தார். முதல் வாரம் நன்றாகத்தான் போனது. பிறகு சமையலறை அவர் கண்ணில் பட்டது.

"இந்த டப்பாவையெல்லாம் யாரு இப்படி வச்சது? உப்பு எங்க இருக்குன்னே தெரியல. லாட்ஜ்ல கூட எல்லாம் கையெட்டுற எடத்துல இருக்கும்."

"அப்ப லாட்ஜுக்கே போங்க," என்றாள். விளையாட்டாகத்தான் சொன்னாள். அவர் டப்பாக்களை இடம் மாற்றி அடுக்கினார். அவளுக்கு அன்று குழம்பில் உப்பு இரண்டு முறை விழுந்துவிட்டது.

கம்பெனி எல்லோரையும் லேப்டாப்பில் கூட்டிவைத்துப் பேசத் தொடங்கியதும்தான் தொல்லை முற்றியது. உள்ளறையில் மகளுக்குப் போனில் பள்ளிப் பாடம் நடந்தது. மிச்சம் இருந்தது முன்னறை. அவர் ஒரு மூலையில் மீட்டிங்கில் இருக்க, அவள் இன்னொரு மூலையில் ஒரு மருத்துவமனைக்காக முகக்கவசம் தைத்துக்கொண்டிருந்தாள். மெஷின் சத்தம் தாங்காமல் மானேஜர் திரையிலிருந்து கேட்டார்:

"என்னங்க, ரயில்வே ஸ்டேஷன்லயா உக்காந்திருக்கீங்க?"

எல்லோரும் சிரித்தார்கள். அவருக்கு முகம் சுண்டிப்போனது. லேப்டாப்பை மூடியதும் அவள் பக்கம் திரும்பினார்.

"பத்து மணிக்கு மேல மெஷின் ஓட்டாத. ஒரு மணிக்கு எனக்கு முடிஞ்சிடும்."

"அப்ப நான் எப்ப தைக்கிறது?"

"மத்தியானம் தை."

மத்தியானம் வாடிக்கையாளர்கள் கூப்பிட்டார்கள். அவர் போனில் பேசினால் தெருமுனை வரை கேட்கும். அவர் பேசி முடிக்கட்டும் என்று அவள் ஊசியில் நூலைக் கோத்துவைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பாள். மருத்துவமனைக்காரர்கள் இரண்டு முறை பொறுத்துப் பார்த்துவிட்டு வேறு ஆளிடம் கொடுத்துவிட்டார்கள். "பாவம், அவங்களுக்கு அவசரம்," என்றார் அவர். அவள் கோத்த நூலை ஊசியிலிருந்து உருவினாள்.

மாதங்கள் கழிந்து வழிகள் திறந்தன. வெளியூர் பஸ்கள் ஓடும் என்று செய்தியில் சொன்ன அன்று அவர் சட்டைகளுக்கு இஸ்திரி போட்டார். அவள் பெட்டியைத் தானே இறக்கித் துடைத்தாள். பள்ளிகளும் திறக்கப்போவதால் சீருடைகள் குவிந்தன. திங்கட்கிழமையிலிருந்து மெஷின் தன்னுடையது என்ற தெம்பில் வந்ததையெல்லாம் வாங்கிப் போட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மானேஜர் திரைக்கு வந்தார்.

"ஒரு நல்ல சேதி. இனிமே யாரும் ஊர் ஊரா அலைய வேண்டாம். இத்தனை மாசமா இப்படியே நல்லாத்தானே நடக்குது? இப்படியே போவோம்."

சமையலறையிலிருந்து அவளுக்கு எல்லாம் கேட்டது. ஈரக் கையோடு வந்து நின்றாள்.

"அப்ப நீங்க நாளைக்குப் போகலையா?"

அவள் குரல் அவரை நிமிர்ந்து பார்க்கவைத்தது.

"நான் வீட்ல இருக்கிறது உனக்கு அவ்வளவு கஷ்டமா இருக்கா?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அத்தோடு போயிருக்கும். அப்படிச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

"ஆமாங்க," என்றாள்.

மறுநாள் அவர் யாரிடமும் சொல்லாமல் லீவு போட்டுவிட்டு, புது பம்ப் ஒன்றைப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினார். முன்பெல்லாம் பக்கத்து சீட்காரரின் பூர்வீகமே இறங்குவதற்குள் அவருக்குத் தெரிந்துவிடும். இன்று பக்கத்து சீட்டில் உட்காரக் கூடாது என்று பெருக்கல் குறி ஒட்டியிருந்தது. அவர் ஒரு தடவை இருமினார். முன்னால் இருந்த பெண் எழுந்து கடைசி வரிசைக்குப் போய்விட்டாள்.

அவர் போன கடை அவருக்குப் பழகிய கடை. அதன் முதலாளி அவரைச் சாப்பிடவைக்காமல் அனுப்பியதே கிடையாது. இப்போது ஷட்டர் பாதி இறங்கியிருந்தது, வாசலை மறித்து மேஜை. முதலாளி அதற்கு அந்தப் பக்கம் முகக்கவசத்தோடு நின்றார்.

"என்ன தம்பி, இவ்வளவு தூரம்? போன்ல சொல்லியிருந்தா போதுமே."

"புது மாடல் வந்திருக்குண்ணே. நேர்ல காட்டலாம்னு."

"கம்பெனிலருந்து வீடியோ அனுப்பிட்டாங்களே. பாத்து ஆர்டரும் போட்டாச்சு."

அவர் பையிலிருந்து பம்பை எடுப்பதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றார். முதலாளி ஒரு தண்ணீர் பாட்டிலை மேஜை மேல் அவர் பக்கமாகத் தள்ளினார்.

"தப்பா எடுத்துக்காதீங்க தம்பி. அப்பாவுக்கு வயசாயிடுச்சு, வீட்ல பயப்படுறாங்க."

"பரவால்லண்ணே," என்று சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸிலேயே திரும்பிவிட்டார்.

வீடு வந்து சேர்ந்தபோது அவள் சீருடைக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்ததும் பெடலிலிருந்து காலை எடுத்தாள். அவர் நடந்ததைச் சொன்னார்.

"உள்ள கூட விடல. நான் இல்லாமலே வியாபாரம் நடக்குது. இங்க நான் இருந்தா உனக்கு வேலை நடக்கல. அப்ப நான் எங்கதான் போறது?"

அவளுக்குக் கிட்டே போய் உட்கார வேண்டும்போல இருந்தது. மடியில் வெட்டிய துணிகள் கிடந்தன.

"நீங்க எங்கயும் போக வேண்டாம். ஆனா நாளையிலருந்து பத்து மணிக்கும் மெஷின் ஓடும். நான் வாக்கு குடுத்திருக்கேன்."

"மானேஜர் என்ன சொல்வாரு?"

"அவர் சொல்றத மாடிப்படியில உக்காந்து கேளுங்க."

அவர் எழுந்து உள்ளே போய்விட்டார். அப்பாவும் அம்மாவும் பேசிக்கொள்ளாததால், "அம்மா சாப்பிடக் கூப்பிடுறாங்க", "அப்பா அப்புறம் சாப்பிடுறாராம்" என்று மகள் நடுவில் நடந்து சலித்துப்போனாள்.

மறுநாள் அவர் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் மாடிப்படி திருப்பத்தில் போட்டார். மேல்வீட்டுக்காரர் வாளியோடு இறங்கும்போதெல்லாம் அவர் லேப்டாப்பைத் தூக்கிப் பிடித்துக் காலை மடக்க வேண்டியிருந்தது. அளவுக்கு மீறி வாங்கிவிட்டதால் சீருடைகளில் பாதிதான் சொன்ன நாளில் முடிந்தது. ஒரு தாய் வந்து, "முடியாதுன்னா முதல்லயே சொல்லியிருக்கலாமே," என்று துணியை அப்படியே சுருட்டி வாங்கிக்கொண்டு போனாள். இவள் அடுத்த கால்சட்டையை எடுத்து மெஷினில் வைத்து மிதித்தாள்.

"சார், நான் பேசுறது கேக்குதா? இப்ப கேக்குதா சார்?" என்று படியிலிருந்து அவர் கத்திக்கொண்டிருந்தார். சாத்திய கதவுக்கு இந்தப் பக்கம் அவளுக்கு ஒவ்வொரு எழுத்தும் தெளிவாகக் கேட்டது.