சிவப்புப் பொட்டு

பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கருக்குப் பன்னிரண்டு அங்குலத்திலேயே வட்டம் வெட்டினால் ஸ்பீக்கர் பெட்டிக்குள் விழுந்துவிடும். அதன் இரும்பு விளிம்பு பலகையின் மேல் படிந்து உட்கார வேண்டும். அதனால் அறிவரசன் பதினோரு அங்குலம் ஒரு நூல் (எட்டில் ஒரு அங்குலம்) அளவில் இரண்டு வட்டங்களை ஒட்டுப்பலகையில் வரைந்து, அறுத்து, ஓரங்களை உப்புத்தாளால் தேய்த்து வைத்திருந்தான். ஞாயிற்றுக்கிழமை மதியம். குன்னத்தில் அவன் வீட்டின் பக்கவாட்டில் இறக்கியிருந்த தகரச் சாய்ப்பின் கீழ் மரத்தூள் பறந்துகொண்டிருந்தது.

முதல் ஸ்பீக்கரை வட்டத்தில் இறக்கி எட்டு போல்ட்டுகளையும் கையாலேயே திருகினான். பிறகு ஸ்பேனரை எடுத்து மேலே ஒன்று, அதற்கு நேர் எதிரே கீழே ஒன்று, வலது, இடது என்று மாற்றி மாற்றி முடுக்கினான். வரிசையாக ஒரே பக்கமிருந்து முடுக்கினால் விளிம்பு கோணிக்கொள்ளும். விளிம்பு கோணினால் நடுவில் இருக்கும் கம்பிச் சுருள் காந்தத்தில் உரசும். அவன் வேலை பார்க்கும் சிமெண்ட் ஆலையில் குழாய்களை இணைக்கும்போதும் இதே முறைதான்.

“ஏன் மச்சான், இது கிடார் பெட்டியா, ராக்கெட்டா? காலையிலேருந்து முடுக்கிட்டே இருக்கே” என்றான் காமில். கவிழ்த்த வாளியின் மேல் கிடாரோடு உட்கார்ந்திருந்தான். லப்பைக்குடிக்காட்டில் செல்போன் கடை வைத்திருப்பவன். துபாயிலிருந்து திரும்பியதிலிருந்து ஒரு பாட்டுக் குழுவில் கிடார் வாசிக்கிறான். பங்குனி உத்திரத்துக்குச் செட்டிகுளத்தில் கச்சேரி. அதற்குத்தான் இந்தப் பெட்டி.

அறிவரசன் பதில் சொல்லவில்லை. காமில் முதுகுப் பக்கமிருந்து பேசியிருந்தான்.

சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். ஆலையின் கேட் பாஸ் அங்கேதான் இருந்தது. காலையிலிருந்து எத்தனை முறை தொட்டான் என்று தெரியவில்லை. பாஸின் தேதி நாளையோடு முடிகிறது. நாளைக் காலை எட்டு மணிக்கு ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கு மெடிக்கல். கண், ரத்த அழுத்தம், காது. மூன்றும் சரியென்று தாளில் வந்தால் இன்னொரு வருடத்துக்குப் பாஸ். போன வருடம் அவனோடு அரவைப் பிரிவில் இருந்த பூங்காவனத்துக்குக் காது சரியில்லை என்று எழுதினார்கள். அன்று மதியமே பாஸை வாங்கிக்கொண்டார்கள். பூங்காவனம் இப்போது ஜெயங்கொண்டம் பக்கம் ஒரு முந்திரித் தோப்பில் காவல் இருக்கிறார்.

இரண்டாவது ஸ்பீக்கரையும் மாட்டிவிட்டு வயருக்கு வந்தான். காமிலின் ஆம்ப்ளிஃபயர் நான்கு ஓம் தடை கேட்கிறது. கையில் இருப்பவை இரண்டும் எட்டு ஓம். ஒன்றின் பின் ஒன்றாக இணைத்தால் பதினாறு ஆகிவிடும். பக்கம் பக்கமாக இணைத்தால், ஒரு வாசலுக்குப் பதில் இரண்டு வாசல் திறந்த மாதிரி, மின்சாரத்துக்குத் தடை பாதியாகும். நான்கு ஓம். அதற்குக் கூட்டல் முனையைக் கூட்டலோடும், கழித்தலைக் கழித்தலோடும் சேர்க்க வேண்டும். கூட்டல் முனை எது என்று காட்ட ஸ்பீக்கரில் சிவப்பு மையால் ஒரு பொட்டு வைத்திருப்பார்கள். பொட்டையும் பொட்டையும் சேர்த்து ஈயம் உருக்கி வைத்தான். புகை அடங்கியதும் ஒவ்வொரு வயரையும் விரலால் இழுத்துப் பார்த்தான். அசையவில்லை.

“ம், போடு” என்றான்.

காமில் தடித்த கம்பியை ஒரு முறை சுண்டினான். அறிவரசன் ஸ்பீக்கர்களின் காகிதக் கூம்புகள் மேல் விரல் நுனிகளை வைத்திருந்தான். இரண்டு ஸ்பீக்கர்களும் நன்றாகத் துடித்தன. கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான்.

காமில் முகத்தைச் சுளித்து இன்னொரு முறை சுண்டினான். சத்தத்தைக் கூட்டினான். பிறகு கிடாரை மடியில் கவிழ்த்தான்.

“என்ன மச்சான், தகர டப்பாவுல பட்டாணி போட்ட மாதிரி இருக்கு? அடி சத்தமே காணோமே.”

“நல்லாத்தான வருது? கூம்பு எப்படி ஆடுது பாரு.”

“ஆடுறது இருக்கட்டும். உனக்குக் கேக்கலியா?”

அறிவரசன் குனிந்து பெட்டியிடம் காதைக் கொண்டுபோனான். ஏதோ சத்தம் வந்தது. நல்ல சத்தமா, கெட்ட சத்தமா என்று பிரித்துச் சொல்ல அவனுக்குத் தெரியவில்லை. நாலு வருடத்துக்கு முன்பு தெருவில் போகும் மைக் செட் ஆட்டோவைக் கேட்டே எந்த ஸ்பீக்கரில் சுருள் உரசுகிறது என்று சொன்னவன் அவன்.

வாசற்படியில் அவன் மனைவி ஜோதி வந்து நின்றாள். “ஏங்க, எனக்கே தெரியுது. முன்னாடி நீங்க செஞ்ச பெட்டியெல்லாம் நெஞ்சுல இடிக்கும். இது இடிக்கவே இல்ல.” அவள் சாதாரணமாகத்தான் பேசினாள். ஆனால் அந்தச் சாதாரணம் எதிர் வீட்டு வாசல்வரை கேட்டது. ஒரு வருடமாக அறிவரசன் வீட்டில் எல்லோரும் அப்படித்தான் பேசினார்கள்.

“தங்கச்சி, மெதுவா பேசும்மா. எனக்கும் காது போயிடும் போல” என்றான் காமில். சிரிக்க ஆரம்பித்தவன் ஜோதியின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

அறிவரசன் எழுந்து உள்ளே போனான். திரும்பி வந்தபோது கையில் சுவர்க் கடிகாரத்தின் பேட்டரி இருந்தது.

“இத முன்னாடியே பண்ணியிருக்கணும். பொட்டை நம்பிட்டேன்.”

இரண்டு ஸ்பீக்கர்களையும் இணைத்த வயர்களைக் கழற்றிவிட்டான். முதல் ஸ்பீக்கரின் சிவப்புப் பொட்டில் பேட்டரியின் கூட்டல் முனையையும், அடுத்த முனையில் கழித்தலையும் ஒரு நொடி வைத்தான். கூம்பு முன்னால் குதித்தது. அப்படித்தான் குதிக்க வேண்டும். இரண்டாவதிலும் அதே மாதிரி வைத்தான். கூம்பு உள்ளே போனது. எடுத்துவிட்டு மறுபடி வைத்தான். உள்ளேதான்.

“பாத்தியா? இது பெரம்பலூர்ல கூம்பு மாத்தின ஸ்பீக்கர். மாத்துனவன் உள்ள இருக்குற கம்பிய இடம் மாத்திப் பத்த வச்சிருக்கான். மேல இருக்குற பொட்டு பழைய பொட்டு. ஒண்ணு காத்தை வெளிய தள்ளுது, அதே நேரம் பக்கத்துல இருக்குறது உள்ள இழுக்குது. இது தள்ளுறத அது குடிச்சிருது. அடி சத்தம் எங்கேருந்து வரும்?”

விளக்கும்போது அவன் கைகள் இரண்டு கூம்புகளாக முன்னும் பின்னும் போய் வந்தன. காலையிலிருந்து இல்லாத தெளிவு முகத்தில் இருந்தது. இரண்டாவது ஸ்பீக்கரில் வயர்களை மாற்றிப் பற்றவைத்தான். பழைய பொட்டைச் சுரண்டிவிட்டு, ஜோதியின் நகப்பூச்சை வாங்கி அடுத்த முனையில் புதுப் பொட்டு வைத்தான்.

காமில் சுண்டினான். பெட்டியின் மேலிருந்த டம்ளரில் தண்ணீர் வளையம் வளையமாக விரிந்தது. ஜோதி நெஞ்சில் கையை வைத்துக்கொண்டாள். அறிவரசன் டம்ளரைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், பிறகு காமிலைப் பார்த்தான்.

“இப்ப?”

“இப்பத்தான் அடிவயித்துல குத்துது” என்ற காமில், கிடாரைச் சுவரில் சாய்த்துவிட்டு, “நாளைக்கா மச்சான் மெடிக்கலு?” என்றான். இந்த முறை முகத்துக்கு நேராக வந்து சொன்னான்.

“ம்.”

“போனா போவட்டும், விடு. வூட்லயே பெட்டி செய்யி.”

“பெரம்பலூர் ஜில்லாவுல கிடாரு வாசிக்கிறவன் எத்தனை பேரு இருக்கான்?”

காமில் யோசித்தான். “என்னையும் சேத்தா?”

ஜோதிகூடச் சிரித்தாள். அறிவரசன் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தான்.

மறுநாள் காலை முதலுதவி அறைக்கு வெளியே இருபது பேர் வரிசையில் நின்றார்கள். கண்ணும் ரத்த அழுத்தமும் முடிந்து அறிவரசன் காதுக்கு வந்தபோது மணி ஒன்பதரை. ஒரு மேசை, அதன் மேல் சிறிய மெஷின். மெஷினுக்குப் பின்னால் வெள்ளைக் கோட்டு போட்ட ஒரு பெண். லாவண்யா என்று மார்பில் பெயர் குத்தியிருந்தது. அவனைப் பக்கவாட்டில் சுவரைப் பார்த்து உட்காரவைத்துக் காதில் ஹெட்போனை மாட்டினாள்.

“சத்தம் கேட்டா விரலத் தூக்குங்க. எவ்ளோ சின்னதா கேட்டாலும் தூக்குங்க” என்றாள், ஹெட்போனை ஒரு பக்கம் விலக்கி.

சுவரோரம் கண்ணாடிக் கதவு போட்ட அலமாரி இருந்தது. உள்ளே ஆரஞ்சு நிறத்தில் காது மூடிகள் வரிசையாகத் தொங்கின. ‘பார்வையாளர்களுக்கு மட்டும்’ என்று கதவில் ஒட்டியிருந்தார்கள். அந்தக் கண்ணாடியில் லாவண்யாவின் கை தெரிந்தது. அவள் கட்டைவிரல் ஒரு பட்டனை அழுத்தும்போதெல்லாம் மெஷினில் ஒரு பச்சை விளக்கு எரிந்து அணைந்தது. பட்டன் அழுத்தினால் மின்சாரம் போகிறது. மின்சாரம் போனால் ஹெட்போனுக்குள் இருக்கும் சின்னக் கூம்பு ஆடுகிறது. ஆடுவதைப் பார்க்க முடியாது. பட்டனைப் பார்க்க முடியும்.

பச்சை எரிந்தது. விரலைத் தூக்கினான். மறுபடி எரிந்தது. தூக்கினான். வலது காது முடிந்தது.

இடது காது பாதியில் இருந்தபோது ஒரு அதிகாரி உள்ளே வந்தார். பின்னால் நான்கு பேர், புதுத் தலைக்கவசம் போட்ட பார்வையாளர்கள். அதிகாரி சாவி போட்டு அலமாரியைத் திறந்தார். கண்ணாடிக் கதவு சுழன்று வெள்ளைச் சுவரைக் காட்டியது.

அறிவரசனுக்கு லாவண்யாவின் கை தெரியவில்லை. இரண்டு அழுத்தலுக்கு நடுவே அவள் எவ்வளவு இடைவெளி விடுகிறாள் என்று முன்பே எண்ணியிருந்தான். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, அழுத்தல். எண்ணினான். தூக்கினான். எண்ணினான். தூக்கினான். மூன்றாவது முறை தூக்கிய விரலைக் கீழே இறக்கியபோது, மேசைப் பக்கம் எந்த அசைவும் இல்லாததுபோல் தோன்றியது. தலையைத் திருப்பினான்.

லாவண்யாவின் இரண்டு கைகளும் மேசையின் மேல் இருந்தன. பட்டனின் மேல் இல்லை. அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவன் விரலை மடக்கி மடியில் வைத்துக்கொண்டான். அவள் வாசலில் நின்ற வரிசையைப் பார்த்தாள். காது மூடிகளை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்த அதிகாரியைப் பார்த்தாள். எழுந்து வந்து அவன் ஹெட்போனைக் கழற்றும்போது, குனிந்து ஏதோ சொன்னாள். உதடுகள் அசைந்தன. அவன் ஆமாம் என்று தலையாட்டினான்.

தாளில் எழுதி அவன் பக்கம் தள்ளினாள். ‘இரு காதுகளும் இயல்பு. குறை எதுவும் இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்’ என்ற வரியின் கீழே கையெழுத்துப் போட்டான். புதுப் பாஸில் அடுத்த வருடத்துத் தேதி இருந்தது.

அரவைப் பிரிவுக்கு அவன் போய்ச் சேர்ந்தபோது அந்த நான்கு பேரும் உருளையின் முன் நின்றிருந்தார்கள். வீடு அளவுக்குப் பெரிய இரும்பு உருளை, வயிறு நிறைய இரும்புக் குண்டுகளோடு சுற்றிக்கொண்டிருந்தது. காலடியில் தரை நடுங்கியது. காது மூடிகளைக் கையால் இன்னும் அழுத்திப் பிடித்துக்கொண்டு, ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, அவர்கள் வேகமாக வெளியேறினார்கள்.

அறிவரசன் மெஷின் துடைக்கும் பழைய நூல்கழிவிலிருந்து எண்ணெய் படாத ஓரமாக ஒரு கொத்தைப் பிய்த்தான். இரண்டாகக் கிழித்து, உள்ளங்கையில் உருட்டி, இரண்டு காதிலும் அடைத்துக்கொண்டு உருளையை நோக்கி நடந்தான்.