புது பிரிட்ஜும் மோதிர விரலும்

அந்தக் குடும்பத்தில் அவளுக்கு அண்ணி என்பதைத் தவிர வேறு பெயர் இருந்ததாகவே யாருக்கும் நினைவில்லை. கணவரின் தங்கை அண்ணி என்றாள், அது நியாயம். ஆனால் வார இறுதிகளில் அவள் கிட்டார் வாசிக்கிற இசைக்குழுவில் டிரம்ஸ் அடிக்கிறவன் கணவருக்குச் சித்தப்பா மகன். அவன் அண்ணி என்று கூப்பிடப்போய், பாட்டுக்காரியும் ஸ்பீக்கர் கட்டுகிறவரும்கூட அப்படியே கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். குழுவை நடத்துகிற கீபோர்டுக்காரர் அவளைவிட நிறைய மூத்தவர். அவரே மைக்கைப் பிடித்து, அடுத்து அண்ணியின் கிட்டார் என்று கூச்சமில்லாமல் அறிவிப்பார். கூட்டமும் கை தட்டும்.

அண்ணியின் கணவர் கொசுவைக்கூட அடிக்கமாட்டார், விரட்டித்தான் விடுவார். அப்படிப்பட்ட மனிதர் ஒரு மழை நாளில் அவசரமாகக் கார் கதவைச் சாத்தினார். அண்ணியின் இடது கை மோதிர விரல் நடுவில் மாட்டிக்கொண்டது. எலும்பு கூடியது, கட்டைப் பிரித்தார்கள். டாக்டர் விரலை மடக்கி நீட்டிப் பார்த்துவிட்டு, இனிமேல் ஒரு பயமும் இல்லை என்றார். அவருக்கென்ன, அவரா மேடையேறி வாசிக்கப்போகிறார்? அண்ணி மறுபடி மேடையேறிய முதல் நாளே தெரிந்துவிட்டது. கிட்டாரின் உடம்பை ஒட்டிய மேல் ஃப்ரெட்டுகளில், அதாவது கழுத்தில் குறுக்கே பதித்த கட்டைகளில், மோதிர விரலை ஊன்றி நீளமாக நிறுத்த வேண்டிய சுரமெல்லாம் ஒரு நூல் இறங்கியே நின்றது. ஒரு நூல்தான். சாப்பிட வந்த கூட்டம் சாப்பாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தது. பாட்டுக்காரி மட்டும் திரும்பிப் பார்த்தாள்.

அடுத்தடுத்த வாரங்களிலும் அதே கதை. கீபோர்டுக்காரர் தங்கமான மனிதர், முகத்துக்கு நேராக எதையும் சொல்லமாட்டார். கொஞ்ச நாள் ஓய்வெடுத்துக்கொள்கிறீர்களா, அதுவரைக்கும் வேறு யாரையாவது கேட்டுப் பார்க்கவா என்று போனில் இழுத்தார். யோசித்துச் சொல்கிறேன் என்றாள் அண்ணி. யோசிக்க என்ன இருக்கிறது? விரல் போய்விட்டதென்றால் அவர்கள் போகச் சொல்வதற்கு முன்னால் தானே விலகிவிடுவது என்று அவள் எப்போதோ முடிவு செய்திருந்தாள். போய்விட்டதா இல்லையா என்பதுதான் தெரியவில்லை. தெரிந்துகொள்ளத் துணிச்சலும் இல்லை.

இந்த இடத்தில்தான் நாத்தனார் மூக்கை நுழைத்தாள். கண்ணாடிக் கடையின் பட்டறையில், ஃபிரேமுக்கு ஏற்றபடி லென்ஸ் வெட்டிப் பொருத்துவது அவள் வேலை. அதனால் வீட்டில் அவளுக்கு லென்ஸ் என்றே பெயர். பாட்டுக்கும் அவளுக்கும் காத தூரம். ஆனால் கோணலாக இருக்கிற எதையும் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க அவளால் முடியாது. ஒரு நாள் கிட்டாரைத் திருப்பிப் புரட்டிப் பார்த்துவிட்டு, நோயாளி விரல் இல்லை, இதுதான் என்று பிரிட்ஜைக் காட்டினாள்.

கிட்டாரின் வயிற்றில், ஆறு கம்பிகளும் வந்து உட்காருகிற இரும்புத் தகடுதான் பிரிட்ஜ். அதில் ஒவ்வொரு கம்பிக்கும் ஒரு குட்டி மேடை உண்டு. மேடையை முன்னே பின்னே நகர்த்தினால்தான் மேல் ஃப்ரெட்டுகளில் சுருதி சரியாக நிற்கும். அண்ணி அந்தக் கிட்டாரைப் பழையதாக வாங்கியவள். வருஷக்கணக்காக உள்ளங்கை வியர்வை குடித்து, மேடைகள் இருக்க வேண்டிய இடத்துக்குக் கொஞ்சம் பின்னாலேயே துருவேறி இறுகிப்போயிருந்தன. திருகுகளின் தலை மழுங்கியிருந்தது. எண்ணெய் விட்டுப் பார்த்தும் அசையவில்லை. லென்ஸ் துளைகளின் இடைவெளியை அளந்து, அதற்குப் பொருந்துகிற புது பிரிட்ஜ் ஒன்றை வாங்கி வந்து மேசைமேல் வைத்தாள்.

அந்தப் பிரிட்ஜ் பெட்டி அலமாரிக்குள் போனது, போனதுதான். இன்றைக்குத் தலைவலி, இன்றைக்குத் துணி துவைக்கணும், இன்றைக்கு ஆபீசில் முதுகு ஒடிந்துவிட்டது என்று அண்ணி நாளுக்கு ஒரு சாக்கு சொன்னாள். லென்ஸ் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தன் திருப்புளிப் பையைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றாள்.

“பழசு இருக்கிற வரைக்கும் பழி போட ஒரு ஆள் இருக்கு. அதானே அண்ணி?”

அதேதான். புதுசைப் போட்ட பிறகும் சுருதி இறங்கினால் பழியைத் தூக்கிப் போட வேறு இடமில்லை. ஆனாலும் அண்ணி எழுந்து போய்ப் பெட்டியை எடுத்துவந்தாள்.

சாப்பாட்டு மேசையில் பழைய துண்டை விரித்துக் கிட்டாரைக் கிடத்தினார்கள். கணவர் அறை வாசலில் தலையை நீட்டி, ஏதாவது பிடித்துக்கொள்ளட்டுமா என்று கேட்டார். இரண்டு பெண்களும் ஒரே நேரத்தில் வேண்டாம் என்றார்கள். அவர் சமையலறைக்குப் போய், ஏற்கெனவே கழுவி வைத்திருந்த பாத்திரங்களை மறுபடி கழுவ ஆரம்பித்தார்.

கம்பிகளைத் தளர்த்திக் கழற்றினார்கள். பழைய பிரிட்ஜின் திருகுகளில் நான்கு ஒழுங்காக வந்தன, ஒன்று அடம்பிடித்தது. லென்ஸ் அதைத் திட்டவில்லை. கண்ணாடி ஃபிரேமில் முறிந்துபோன திருகை எடுக்கிற பக்குவத்தில் பிடித்து அழுத்தித் திருப்பி, மூச்சைப் பிடித்துக்கொண்டு கழற்றினாள். உள்ளேயிருந்து வருகிற மெல்லிய ஒயர் புது பிரிட்ஜின் அடியில் நன்றாகப் படும்படி வைத்தாள். அது படாவிட்டால் ஆம்ப் என்கிற ஒலிபெருக்கிப் பெட்டி வண்டு மாதிரி இரைந்துகொண்டே இருக்கும் என்று அண்ணி சொல்லியிருந்தாள். புதுக் கம்பிகளைக் கட்டி முறுக்கேற்றிய பிறகு, கிட்டாரின் தலையில் ட்யூனரை மாட்டினார்கள். சுருதி சரியாக இருந்தால் பச்சை விளக்கு. இறங்கினால் இடப்பக்கம் சிவப்பு, ஏறினால் வலப்பக்கம் சிவப்பு.

ஒவ்வொரு கம்பியையும் மேலே அழுத்திப் பார்த்து, மேடையை மயிரிழை மயிரிழையாக நகர்த்தினார்கள். நகர்த்தியதும் அழுத்தியதும் லென்ஸ்தான். நீங்கள் அழுத்துங்கள் என்றதற்கு அண்ணி கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டாள். வாசிக்கத் தெரியாத விரல், அமுக்குகிற இடத்தில் நேராக அமுக்கியது. ஆறு கம்பிக்கும் பச்சை வந்தது.

இனிமேல் தப்பிக்க வழியில்லை. அண்ணி கிட்டாரை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். மோதிர விரலை முதலிலேயே இறக்க மனசு வரவில்லை. தூக்கத்தில் எழுப்பினாலும் வாசிக்கக்கூடிய ஒரு பழைய மெட்டை, அந்த விரலைத் தொடாமல் மற்ற விரல்களை வைத்தே ஆரம்பித்தாள். கண்றாவியாக இருந்தது. முன்பு ஒரு விரல்தான் சுருதி விட்டது, இப்போது எல்லாமே விட்டது. ஒவ்வொரு சுரமும் ஏறிப்போய், பல் கூசுகிற மாதிரி கேட்டது.

அண்ணி நிறுத்திவிட்டாள். விரல் இல்லை, கையே போய்விட்டது என்று நினைத்தாள். கிட்டாரைக் கீழே வைக்கக்கூடத் தோன்றாமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள். சமையலறையில் தண்ணீர்ச் சத்தம் நின்றது.

லென்ஸுக்குக் காது இல்லாவிட்டாலும் கண் இருந்தது. ட்யூனரில் வலப்பக்கம் சிவப்பு எரிந்ததை அவள் பார்த்திருந்தாள். தான் அழுத்தியபோது பச்சை, அண்ணி அழுத்தினால் சிவப்பு. அவள் கடையில் எது மங்கலாகத் தெரிந்தாலும் இரண்டு கண்ணையும் திறந்துவைத்துக்கொண்டு யாரும் தீர்ப்புச் சொல்வதில்லை.

“ஒரு கண்ணை மூடிட்டு இன்னொரு கண்ணால பார்க்கச் சொல்லுவோம்ல, அந்த மாதிரி ஒவ்வொரு விரலா வைங்க அண்ணி. அதே கம்பி, அதே இடம்.”

வேண்டா வெறுப்பாக ஆள்காட்டி விரலை வைத்தாள். வலப்பக்கம் சிவப்பு. நடுவிரலுக்கும் சிவப்பு. சுண்டு விரலுக்கும் அதேதான். அதோடு கையை எடுத்துவிட்டாள்.

“அதையும் வைங்க,” என்றாள் லென்ஸ்.

அண்ணி மோதிர விரலை வைத்தாள். கம்பியைத் தட்டினாள்.

பச்சை.

தவறிப்போய் எரிந்திருக்கும் என்று மறுபடி தட்டினாள். பச்சை. கம்பி மாற்றி, இடம் மாற்றிப் பார்த்தாள். அந்த விரல் போன இடமெல்லாம் பச்சை. லென்ஸ் ஒன்றும் புரியாமல் ட்யூனரையே முறைத்துக்கொண்டிருந்தாள். அண்ணிக்குத்தான் மெல்ல மெல்ல விளங்கியது. தன் ஆள்காட்டி விரலை மறுபடி கம்பியில் வைத்து உற்றுப் பார்த்தாள். அது நேராக அழுத்தவில்லை, கம்பியைப் பக்கவாட்டில் ஒரு துளி இழுத்துக்கொண்டிருந்தது. பழைய பிரிட்ஜில் சுருதி இறங்கும், இழுத்தால் ஏறும். வருஷக்கணக்காக அவள் விரல்கள் அவளைக் கேட்காமலே அந்தக் குறையை இழுத்து இழுத்து ஈடுகட்டி வந்திருக்கின்றன. கட்டுக்குள் கிடந்த மோதிர விரல் மட்டும் அந்தத் தந்திரத்தை மறந்துவிட்டு வந்திருக்கிறது. வைத்த இடத்தில் நேராக வைத்தது. கோணல் கிட்டாரில் அந்த நேர்மைதான் தப்பாகக் கேட்டது. இத்தனை நாளும் எந்த விரலை நினைத்துத் தலையணையை நனைத்தாளோ, அந்த ஒன்றுதான் ஒழுங்காக இருந்திருக்கிறது.

அண்ணிக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கும்போதே கண்ணில் தண்ணீர் முட்டியது. நெஞ்சுக்குள் இருந்த கல் இறங்கிப்போய், எழுந்து நின்றால் மிதந்துவிடுவாள் போலிருந்தது. அவள் அழுவதைப் பார்த்து லென்ஸும் எதற்கென்றே தெரியாமல் மூக்கை உறிஞ்சினாள்.

ஈரக் கையோடு ஓடிவந்த கணவர் இரண்டு அழுத முகங்களைப் பார்த்தார். அவர் முகத்தில் ரத்தமே இல்லை. எல்லாம் என்னால்தான் என்று ஆரம்பித்தார்.

“கை போகலைங்க,” என்றாள் அண்ணி.

பிறகு அவள் பிரிட்ஜ், இழுப்பு, பச்சை, சிவப்பு என்று மூச்சுவிடாமல் விளக்கினாள். அவருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. முதலில் சொன்னது மட்டும் புரிந்தது. அது போதுமாக இருந்தது. பக்கத்திலிருந்த நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்து, முகத்தை ஈரக் கையாலேயே துடைத்துக்கொண்டார்.

அன்று சாயங்காலமே அண்ணி கீபோர்டுக்காரருக்குப் போன் செய்தாள். வேறு யாரையும் கேட்க வேண்டாம், சனிக்கிழமை நானே வருகிறேன் என்றாள். அவர் தயங்கித் தயங்கி, விரல் இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்டார்.

“அது ஒண்ணுதாங்க ஒழுங்கா வாசிக்குது,” என்றாள் அண்ணி. “மத்த மூணுக்கும் இப்பத்தான் சொல்லிக்குடுத்துட்டு இருக்கேன்.”