ஓரகத்தி பிள்ளை வளர்க்கிற லட்சணம்

அரியலூரில் செங்கமலம் குடியிருந்த தெரு வழியாகத்தான் சுண்ணாம்புக்கல் லாரிகள் போகும். புழுதிக்குப் பயந்து ஒன்பது வயது மகள் குணவதியை அவள் வாசலுக்கே விடமாட்டாள். குடிப்பதற்கு ஆறவைத்த வெந்நீர். சாப்பிடும் முன் கையை நீட்டி நகத்தைக் காட்டியாக வேண்டும்.

எண்பத்து மூன்றாம் வருடக் கோடை விடுமுறையில் தாயும் மகளும் ஆண்டிமடத்துக்கு வந்தார்கள். அங்கே கணவனின் அண்ணன் மனைவி அம்சவள்ளி மூன்று பையன்களை வளர்த்த விதத்தைப் பார்த்துச் செங்கமலத்துக்குத் தலை சுற்றியது. காலையில் அவிழ்த்துவிட்டால், பொழுது சாயும்போதுதான் வீடு வருவார்கள்.

"கேக்க மாட்டீங்களாக்கா?"

"பசிச்சா வரப்போறானுவ. அதுக்கு எதுக்கு நாம தொண்டத்தண்ணி வத்தக் கத்தணும்?"

மறுநாள் குளிக்கக் கூப்பிட்டால் குணவதியைக் காணோம். செங்கமலம் பதறியடித்து முந்திரித் தோப்புக்கு ஓடினாள். அம்சவள்ளி பின்னாலேயே ஆடி அசைந்து வந்தாள்.

தோப்பில் ஒரு மரத்தடியில் மூன்று பையன்களும் வரிசையாகக் கை நீட்டி நின்றார்கள். மேலே கிளையில் குணவதி.

"உனக்கு நகத்துல அழுக்கு. கழுவிட்டு வந்தாத்தான் பழம்."

பெரியவன் முணுமுணுக்காமல் வாய்க்காலுக்கு ஓடினான். அம்சவள்ளி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"எறங்குடி கீழ!" என்று கத்தினாள் செங்கமலம்.

"மாட்டேம்மா. இன்னும் ரெண்டு பேரு இருக்காங்க."

மகள் தன்னை எதிர்த்துப் பேசியதை அன்றுதான் செங்கமலம் முதன்முதலாகக் கேட்டாள். வந்த கோபத்தில் சேலையைச் செருகிக்கொண்டு அவளே மரத்தில் ஏறிவிட்டாள். பாதி உயரத்தில் கீழே பார்த்ததும் மரத்தை இறுகக் கட்டிக்கொண்டாள். ஏறவும் முடியவில்லை, இறங்கவும் முடியவில்லை.

"யக்கா... என்னப் புடிங்கக்கா!"

"கீழ பாக்காதம்மா," என்றாள் குணவதி அதட்டலாக. "வலது கால அந்தக் கவட்டையில வையி. அவசரப்படாத. இப்ப இடது காலு."

அவள் சொன்னபடியே கால் வைத்துச் செங்கமலம் தரை சேர்ந்தாள். உட்கார்ந்து மூச்சு வாங்கியவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அழைத்துப்போக வந்த கணவன் நடராசனை அவள் தனியாகவே ஊருக்குத் திருப்பி அனுப்பினாள்.

"புள்ள இன்னும் கொஞ்ச நாளு ஆடட்டுங்க."

அம்சவள்ளிக்குத்தான் பெரிய மனக்குறை. "வெந்நி வச்சிக் குடும்மாங்கறானுவ மூணு பேரும். எம்புள்ளைங்கள நல்லாக் கெடுத்து வச்சிட்டா உன் மவ!"